பேரவைக்கு ஒரு முகம்

ஜூலை 7, 2008

கருங்கோட்டையில் வீடு பார்த்துச் சாமான்களை இறக்கியாயிற்று. முன்னறை தெருவைப் பார்த்து இருப்பதால் அதையே அலுவலகமாக வைத்துக்கொள்ளலாம். சமையல்கட்டில் வெளிச்சம் இல்லை என்று மனைவி வடிவு குறைப்பட்டாள். மலையிலிருந்து சாரல் காற்று வருகிறது. துணி காயாது.

வேலை இதுதான். அக்டோபர் இரண்டு முதல் பொது இடங்களில் புகைபிடிக்கத் தடை இறுகப் போகிறது. அதற்குள் இந்த ஊர்க்காரர்கள் தாங்களாகவே திரண்டு எதிர்க்க வேண்டும். 'தாங்களாகவே' என்பதை வினோதினி மேடம் சென்னையில் அழுத்திச் சொன்னார். எனக்குச் சம்பளம் தருவது அவருடைய விளம்பர நிறுவனம். அவர்களுக்குத் தருவது சிகரெட் கம்பெனி. கம்பெனியின் பெயர் பேனரிலும் வரக் கூடாது, பேச்சிலும் வரக் கூடாது. இங்கும் எழுதப்போவதில்லை.

"நான் புகைக்கிறதில்லையே மேடம், பரவாயில்லையா?" என்று கேட்டேன்.

"நீங்க அத்தனை வருஷம் ரசிகர் மன்றம் நடத்தினீங்க மிஸ்டர் பெருமாள். நடிக்கத் தெரிஞ்சா நடத்தினீங்க?" என்றார்.

ஜூலை 11

சிகரெட் ஏஜென்சி எடுத்திருக்கும் தவமணி அண்ணாச்சியைப் பார்த்தேன். அவருடைய வேன் போகாத பெட்டிக்கடை இந்தத் தாலுகாவில் கிடையாது. நானும் வேனில் ஏறிக் கடை கடையாக இறங்கினேன். மாலையில் அண்ணாச்சியின் குடோனில் கடைக்காரர்களைக் கூட்டி 'புகைப்போர் உரிமை' என்று பேசினேன். வடையைத் தின்றுகொண்டு கேட்டார்கள். கடைசியில் பூலையா என்ற பெட்டிக்கடைக்காரர் எழுந்தார். "பீடி குடிக்கவன் குடிச்சிட்டுப் போறான். இதுக்கு எதுக்குவே சங்கம்? அவராதம் கடக்காரனுக்கா, குடிக்கவனுக்கா, அத மட்டும் சொல்லும்."

மேடத்துக்குப் போன் செய்தேன். "உரிமைன்னு சொன்னா யாருக்கும் புரியாது. ஒரு முகம் வேணும். அடிபட்ட முகமா இருந்தா நல்லது" என்றார்.

ஜூலை 18

முகம் கிடைத்துவிட்டது.

காலையில் பேருந்து நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். வாசலை ஒட்டி ஓர் ஆட்டோ. டிரைவர் வண்டியில் சாய்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். பின் இருக்கையில் கல்லூரிக்குப் போகிற அவருடைய மகள், மடியில் புத்தகம். நகராட்சி சுகாதார ஆய்வாளர் தேவசகாயம் தன் ஆட்களோடு வந்தார். இளம் வயது, மடிப்புக் கலையாத சட்டை.

"அணைடா."

டிரைவர் காலில் போட்டு மிதித்தார். "அணச்சிட்டேன் சார். நான் ரோட்டுலதான நிக்கேன். உள்ள வரலயே?"

"எனக்குச் சட்டம் சொல்றியா?" என்று புறங்கையால் ஓர் அறை. உதடு கிழிந்து சட்டைக் காலரில் ரத்தம் வடிந்தது. டிரைவர் கையை ஓங்கவில்லை. திரும்பி மகளைத்தான் பார்த்தார். அது தேவசகாயத்துக்கு இன்னும் கோபமூட்டியது போலிருக்கிறது. காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போடச் சொன்னார். போட்டார். பேருந்துக்குள் இருந்தவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தப் பெண் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டாள்.

என் கையில் செல்போன் இருந்தது. படம் தெளிவாக விழுந்திருக்கிறது.

பிறகு டீ வாங்கிக் கொடுத்தேன். பெயர் கொம்பையா. அடுத்த பீடியை வாயில் வைத்தார். நான்தான் தீக்குச்சி உரசிக் கொடுத்தேன்.

ஜூலை 19

கொம்பையா வீட்டுக்குப் போனேன். மனைவி இல்லை, காலமாகிவிட்டார். மகள் பேச்சியம்மாள் அறைக்குள்ளிருந்து வெளியே வரவில்லை.

"அடிச்சது எனக்கு வலிக்கல சார். எம் மவ பாக்க ஒக்காந்து ஒக்காந்து எந்திரிச்சேன் பாத்தியளா, அதான் சார் தொண்டைல நிக்கி. நான் யாரு குடியக் கெடுத்தேன்? பீடிதான குடிச்சேன்?"

நான் நினைத்துக்கொண்டு போன பேச்சைவிட இது நன்றாக இருந்தது. ஞாபகத்தில் வைத்துக்கொண்டேன்.

ஜூலை 25

ஊரெங்கும் போஸ்டர். காதைப் பிடித்துக் குந்தியிருக்கும் கொம்பையா, மேலே 'புகைப்பவன் குற்றவாளியா?', கீழே 'புகைப்போர் உரிமைப் பேரவை'. ஒட்டியது அண்ணாச்சியின் வேன் ஆட்கள்.

கொம்பையா பதறிக்கொண்டு வந்தார். "என்ன சார் இப்படிப் பண்ணிட்டிய? பஸ் ஸ்டாண்டுல பாத்தவன் கொஞ்சப் பேரு. இப்ப ஊரே பாக்கு. எம் மவ காலேஜுக்குப் போவ மாட்டேங்கா."

"ஊரே பாத்தாத்தான் ஊரே ஒங்க பின்னால வரும். நீங்க தலைவரு" என்றேன்.

'தலைவர்' என்ற சொல்லை அவர் வாயை அசைத்து ஒருமுறை சொல்லிப் பார்த்தார். மன்றத்தில் எத்தனையோ பேரிடம் இதைப் பார்த்திருக்கிறேன்.

வடிவு பால்காரரிடம் சண்டை போட்டாள். பாலில் தண்ணீர்.

ஆகஸ்ட் 2

மதுரையில் ஒரு ஹோட்டலில் சந்திப்பு. பல மாவட்டங்களிலிருந்து என்னைப் போன்றவர்கள். புகையிலை விவசாயிகள், பார் நடத்துகிறவர்கள், ஹோட்டல் சங்கத்துக்காரர்கள், வக்கீல் ஒருவர். ஒருவரோடு ஒருவரை அறிமுகம் செய்துவைப்பதுதான் மேடத்தின் வேலை. 'உங்க ஊர்ல கூட்டம் போட்டா இவரு ஆள் அனுப்புவாரு, இவருக்குப் பிரச்சினைன்னா நீங்க தந்தி அடிங்க' என்று கை கோத்துவிட்டார். புகையிலை என்று பேசாதீர்கள், மரியாதை என்று பேசுங்கள் என்றார். ஏ.சி. அறையில் சாம்பல் கிண்ணங்கள் நிறைந்து வழிந்தன. மேடம் மட்டும் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, சுடிதார் துப்பட்டாவை மூக்கில் வைத்துக்கொண்டு பேசினார்.

ஆகஸ்ட் 10

பேரவை தொடக்க விழா. கல்யாண மண்டபம் நிரம்பி வாசலிலும் ஆட்கள். ஆட்டோக்காரர்கள், லோடுமேன்கள், ஓய்வுபெற்ற வாத்தியார்கள், மதுரையில் பார்த்த வக்கீல். நான் மேடைக்குப் பின்னால் நின்றேன்.

கொம்பையாவுக்கு நான் எழுதிக் கொடுத்ததை அவர் மடித்துப் பையில் வைத்துவிட்டார். "எனக்குப் பேசத் தெரியாது. வண்டி ஓட்டத் தெரியும். பிரசவ வலியில துடிச்ச பொம்பளைய அர்த்த ராத்திரியில ஏத்திக்கிட்டுப் போயிருக்கேன், காசு வாங்கல. அப்பல்லாம் நான் நல்லவன். ஒரு பீடி குடிச்சதுக்கு என்னக் குந்த வச்சிட்டாவ. இனிமே இந்த ஊருல எவனையும் எவனும் குந்த வைக்கக் கூடாது."

மண்டபம் எழுந்து நின்றது. எனக்கே உடம்பு சிலிர்த்தது. எந்த நடிகனுக்கும் இப்படி ஒரு கைதட்டலை நான் வாங்கிக் கொடுத்ததில்லை.

மேடம் போனில், "ரொம்ப உண்மையா இருக்கு, மிஸ்டர் பெருமாள். இதைக் காசு கொடுத்து வாங்க முடியாது" என்றார்.

ஆகஸ்ட் 21

பேரவை ஆட்களோடு டவுன் பஸ்ஸில் வந்தேன். கூட்டம். லோடுமேன் சங்கிலி ஜன்னலோரம் சிகரெட்டைப் பற்றவைத்தான். முன்னால் கர்ப்பிணி மனைவியோடு உட்கார்ந்திருந்தவர் திரும்பி, "தம்பி, அணச்சிருங்க, இவளுக்குக் குமட்டுது" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார்.

சங்கிலி புகையை அவர் முகத்தில் ஊதினான். அவர் சிகரெட்டைத் தட்டிவிட்டார். அவ்வளவுதான். சங்கிலியும் கூட இருந்தவர்களும் அவர் தலைமுடியைப் பிடித்து இருக்கையிலிருந்து இழுத்துப் படிக்கட்டுப் பக்கம் கொண்டுபோனார்கள். முகத்தைக் கம்பியில் மோதினார்கள். பற்கள் நொறுங்கும் சத்தம் பின் இருக்கையில் இருந்த எனக்குக் கேட்டது. அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "யாராவது சொல்லுங்களேன்" என்று எங்கள் பக்கம் பார்த்தாள். என்னைத்தான் பார்த்தாள் என்று சொல்ல முடியாது. ஓடும் பஸ்ஸிலிருந்து அவரைத் தள்ளினார்கள். ரோட்டில் உருண்டு ஒரு மைல்கல்லில் போய் இடித்து நின்றார்.

நான் 'விடாதீங்கடா' என்று கத்தியது உண்மை. பிடியை விட்டுவிடாதீர்கள், விழுந்துவிடுவார் என்ற பொருளில்தான் கத்தினேன். சத்தத்தில் அவர்கள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டிருக்கலாம்.

ஆகஸ்ட் 22

அந்த ஆளுக்கு இடுப்பெலும்பு முறிவு. கொம்பையா ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சங்கிலியைச் செருப்பால் அடித்தார். "நாம கேட்டது மரியாத. நீ பண்ணது என்னல?" என்று கத்தினார். நான் இருவரையும் விலக்கிவிட்டேன். சங்கிலி போய்விட்டால் அவனோடு ஐம்பது லோடுமேன்கள் போய்விடுவார்கள்.

ஆகஸ்ட் 24

மேடம்: "பேப்பர்ல வரலையே? நல்லது. சூடா இருக்கட்டும், கொதிச்சு வழிய வேண்டாம்."

செப்டம்பர் 3

நகராட்சி ஆட்கள் பூலையா அண்ணாச்சியின் கடையை உடைத்தார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று காரணம். பஸ் சம்பவத்துக்குப் பதில் இது என்று ஊருக்கே தெரியும். கடப்பாரையால் தகரத்தைப் பெயர்த்தார்கள். மிட்டாய் ஜாடிகளை ரோட்டில் போட்டு உடைத்தார்கள். பூலையா ஒரு ஜாடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அதைப் பிடுங்கும்போது உடைந்து அவர் மணிக்கட்டில் கண்ணாடி இறங்கியது. ரத்தம் குழாய் போலப் பீய்ச்சியது. தேவசகாயம்தான் ஓடிவந்து தன் கைக்குட்டையால் கட்டினார். "யாருய்யா கடப்பாரைய எடுக்கச் சொன்னது?" என்று தன் ஆட்களையே திட்டினார். அதை யாரும் கவனிக்கவில்லை.

நானும் போஸ்டருக்காக எடுத்த படத்தில் கைக்குட்டையை வெட்டிவிட்டேன். ரத்தம் மட்டும் இருக்கிறது.

செப்டம்பர் 8

காலையில் தேவசகாயம் எங்கள் வீட்டுக்கு வந்தார். சீருடை ஆட்கள் யாரும் இல்லை. தனியாக, சைக்கிளில். வடிவு காப்பி கொடுத்தாள்.

"கொம்பையாவைப் பாக்கணும் சார். அவர் வீட்டுக்குப் போனேன், பூட்டியிருக்கு. அன்னைக்கு நான் செஞ்சது தப்பு. மேல இருந்து தினமும் எத்தனை பேரைப் பிடிச்சேன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. அந்தக் கோவத்தை அவர் மேல காட்டிட்டேன். அந்தப் பொண்ணு படிப்ப நிறுத்திட்டான்னு ஸ்டெல்லா சொன்னா. அவ எங்க வீட்டம்மா. பள்ளிக்கூடத்துல டீச்சர். எனக்குத் தூக்கமே இல்ல. அதே பஸ் ஸ்டாண்டுல, எல்லாரும் பாக்க, அவர்கிட்ட மன்னிப்புக் கேக்கத் தயாரா இருக்கேன். நீங்க சொன்னா அவர் கேப்பார்."

நல்ல மனிதர்தான். கண் கலங்கியிருந்தது.

கொம்பையா கேரளத்துக்குச் சவாரி போயிருப்பதாகவும் வர நாளாகும் என்றும் சொல்லி அனுப்பினேன். அக்டோபர் இரண்டு கழியட்டும். அதன் பிறகு நானே இருவரையும் உட்காரவைத்துப் பேசிவிடுவேன். இப்போது கைகுலுக்கிக்கொண்டால் தடைக்கு எதிராகப் பேரவை வைத்திருக்கும் மாநாட்டுக்கு யார் வருவார்கள்? மேடை போட முன்பணம்கூடக் கொடுத்தாயிற்று.

அவர் போனதும் வடிவு கேட்டாள்: "கொம்பையா அண்ணன் பின்னால கொட்டாயில கொடிக்குக் கம்பு சீவிக்கிட்டுத்தான இருக்காரு? எதுக்குங்க அப்படிச் சொன்னிய?"

"இது ஒனக்குப் புரியாது" என்றேன்.

காப்பி டம்ளரைக் கழுவாமல் வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

செப்டம்பர் 12

வடிவு காப்பி போட்டுக்கொண்டிருந்தபோது சங்கிலியும் இன்னும் சிலரும் வீட்டுக்கு வந்தார்கள். தேவசகாயம் சனிக்கிழமை ஜீப்பில் வருவாரா என்று கேட்டார்கள். சனிக்கிழமை சந்தைக்குள் நடந்துதான் வருவார், கறிக்கடைகளைப் பார்த்துக்கொண்டு, துணைக்கு யாரும் இருக்க மாட்டார்கள் என்றேன். ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

செப்டம்பர் 13

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

சந்தையில் தேங்காய்க் கடைப் பக்கம் நின்றிருந்தேன். கூட்டம் தேவசகாயத்தைச் சுற்றிக்கொண்டது. மிரட்டி அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். கொம்பையா முன்னால் வந்து நின்றார். தேவசகாயம் அவரைப் பார்த்ததும் கைகூப்பிக்கொண்டு, "அண்ணே, நானே ஒங்களத்தான்..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. கூட்டத்திலிருந்து ஒரு குரல், "தோப்புக்கரணம் போடச் சொல்லுங்கவே!" என்றது. யார் குரல் என்று தெரியவில்லை. முன்னால் நின்றவர்கள் என் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

தேவசகாயம் போட்டார். மறுக்கவே இல்லை. காதைப் பிடித்துக்கொண்டு குந்தினார், எழுந்தார். அதோடு முடிந்திருக்க வேண்டும். கொம்பையாவின் முகத்தில்கூட ஏதோ இளகியது. "போதும், விடுங்கல" என்றார். ஆனால் சங்கிலி பின்னாலிருந்து முதுகில் உதைத்தான். குப்புற விழுந்தவரைப் புரட்டி, ஆளுக்கொரு சிகரெட்டைப் பற்றவைத்து, கையிலும் கழுத்திலும் அணைத்தார்கள். கண்ணிமையில் வைத்தபோது சுர்ரென்று ஒரு சத்தம் வந்தது. தேங்காய்க் கடையிலிருந்து அது கேட்டிருக்க முடியாது. யாராவது எனக்குச் சொல்லியிருப்பார்கள்.

வலி தாங்காமல் தேவசகாயம் கண்மூடித்தனமாகக் கையை வீசினார். அது கொம்பையாவின் வாயில் பட்டது. அதே உதடு. மறுபடி ரத்தம். கொம்பையா அதைத் தொட்டுப் பார்த்தார். அதன் பிறகு அவர் மனிதராகவே இல்லை. ஆட்டோவில் டயர் கழற்றும் லிவரை எடுத்துக்கொண்டு வந்தார். முதல் அடி தோளில். இரண்டாவது தலையில். அதற்குப் பிறகும் அடித்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு அடிக்கும், "எம் மவ பாத்தா! எம் மவ பாத்தா!" என்று கத்தினார். கூட்டம் முதலில் கத்தியது, பிறகு அடங்கியது, பிறகு ஓடியது. கறிக்கடை நாய்கள்கூட விலகிப் போய் நின்றன.

என் சட்டையில் தெறித்திருந்தது. வடிவு அதை வாங்கி வாளியில் ஊறவைத்தாள்.

செப்டம்பர் 14

தேவசகாயம் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறார். நினைவு வரவில்லை. கொம்பையா தலைமறைவு.

செப்டம்பர் 17

தேவசகாயம் இறந்துவிட்டார்.

செப்டம்பர் 18

மேடம் பேசினார். குரலில் பதற்றம் எதுவும் இல்லை. "வருத்தமான விஷயம். பேரவை மக்கள் தாங்களாகவே ஆரம்பிச்சது. நமக்கும் அதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல. போர்டை இன்னைக்கே எடுத்துடுங்க."

எடுத்தேன். ஆணி அடித்த இடத்தில் சுவர் பெயர்ந்துவிட்டது. வீட்டுக்காரர் சத்தம் போட்டார். தவமணி அண்ணாச்சி என் போனை எடுக்கவில்லை. அவர் வேன் எங்கள் தெரு வழியாக வருவதில்லை.

வடிவு தேவசகாயத்தின் வீட்டுக்குப் போய்த் துக்கம் கேட்டுவிட்டு வந்தாள். போக வேண்டாம் என்றேன். செருப்பைப் போட்டுக்கொண்டே, "நான் காப்பி குடுத்த மனுசன்" என்றாள்.

செப்டம்பர் 22

டி.எஸ்.பி. அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். நாற்காலி கொடுத்தார்கள். கொம்பையாவின் கொழுந்தியாள் மாப்பிள்ளை செங்கல் சூளை வைத்திருப்பதைச் சொன்னேன். கொம்பையாவின் நன்மைக்காகத்தான். ஓடிக்கொண்டே இருந்தால் சுட்டுவிடுவார்கள்.

பிற்பகலிலேயே பிடித்துவிட்டார்கள். சூளைப் பக்கத்திலேயே அடித்து ஒரு காலை உடைத்து ஜீப்பில் போட்டார்களாம். விசாரித்துவிட்டு என்னைச் சாட்சியாகக்கூடச் சேர்க்கவில்லை.

அக்டோபர் 2

தடை அமலுக்கு வந்துவிட்டது. பேருந்து நிலையத்துக்குப் போனேன். உள்ளே ஒருவரும் புகைக்கவில்லை. ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்று புகைத்துவிட்டு வந்தார்கள். சங்கிலியைத் தவிர எங்கள் பேரவை ஆட்கள் பாதிப் பேர் அங்கேதான் நின்றார்கள். சங்கிலி ஜெயிலில். அவர்களுக்கு ஒன்றும் கஷ்டமாகத் தெரியவில்லை. என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

வடிவு என்னோடு பேசுவதில்லை. சோறு வைக்கிறாள்.

அக்டோபர் 15

கொம்பையாவைக் காவல் நீட்டிப்புக்காகக் கோர்ட்டுக்குக் கொண்டுவருவதாகத் தெரிந்தது. பேச்சியம்மாளுக்கு ஏதாவது செய்யலாம் என்று அவரிடம் சொல்வதற்காகப் போனேன். அவர் வாயிலிருந்து என் பெயர் வருமா வராதா என்று தெரிந்துகொள்வதற்காகவும் என்று வைத்துக்கொள்ளலாம்.

வராந்தாவில் போலீஸ்காரர்கள் நடுவே நொண்டிக்கொண்டு வந்தார். கையில் விலங்கு. தாடி நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் சிரித்தார். "வந்துட்டியளா சார்? எம் மவளக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க. ஒங்களத் தவிர எனக்கு யாரு இருக்கா?"

அப்போது தூணுக்குப் பக்கத்தில் வெள்ளைப் புடவை கட்டியிருந்த ஒரு பெண் எழுந்தாள். தேவசகாயத்தின் மனைவி ஸ்டெல்லா. அழவில்லை. நேராகக் கொம்பையா முன்னால் வந்து நின்றாள்.

"ஒங்ககிட்ட மன்னிப்புக் கேக்கத்தானே அலைஞ்சாரு? ஒங்க வீட்டுக்கு வந்தாரு, பூட்டியிருந்துச்சு. இந்த ஆளு வீட்டுக்குப் போயி நின்னாரு. நீங்க கேரளாவுக்குப் போயிட்டீங்கன்னு சொல்லி அனுப்பிட்டாரு. ஊருக்கு முன்னால கால்ல விழுறேன்னு சொல்லிக்கிட்டிருந்த மனுசன ஏன் கொன்னீங்க?"

கொம்பையாவுக்கு முதலில் விளங்கவில்லை. அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எப்போ?" என்று கேட்டார்.

"சந்தைக்கு முந்தின திங்கக்கிழமை" என்றாள் ஸ்டெல்லா.

"அன்னைக்கு நான் ஒங்க வீட்டுப் பின்னாலதான சார் கம்பு சீவிக்கிட்டு இருந்தேன்?"

என் தொழிலே பேச்சு. "கொம்பையா, அது வந்து, மாநாடு முடியட்டும்னு..." என்றேன்.

விலங்கு போட்ட இரண்டு கைகளையும் ஒன்றாக உயர்த்தி இறக்கினார். இரும்பு என் தாடையில் விழுந்தது. எலும்பு விலகியதை உணர்ந்தேன். கீழே விழுந்த பின் நெஞ்சில் முழங்காலை வைத்து மறுபடி அடித்தார். இந்த முறை அவர் ஒன்றும் கத்தவில்லை. பற்கள் தொண்டைக்குள் போயின. போலீஸ்காரர்கள் லத்தியால் அவர் முதுகை விளாசினார்கள். அவர் கண்ணை என் முகத்திலிருந்து எடுக்கவில்லை. ஸ்டெல்லா அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

(இதை ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.)

அக்டோபர் 18

தாடையைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். வாய் திறக்காது. குழாயில் கஞ்சித் தண்ணீர். சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அக்டோபர் 20

சப் இன்ஸ்பெக்டர் புகார் வாங்க வந்தார். ஒரு தாளில், 'கோர்ட்டுப் படியில் கால் தவறி விழுந்துவிட்டேன்' என்று எழுதிக் கொடுத்தேன். வாசித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். காவலில் இருந்தவன் அடித்தான் என்றால் அவருடைய ஆட்களுக்குத்தான் வம்பு. இருவருக்கும் நல்லது.

அவர் வெளியே போன சமயம் மேடத்தின் போன். வடிவு எடுத்து ஒலிபெருக்கியில் போட்டு என் மார்பின் மேல் வைத்தாள்.

"மிஸ்டர் பெருமாள், எப்படி இருக்கீங்க? ஆக்சிடெண்ட்னு கேள்விப்பட்டேன். ஆஸ்பத்திரிச் செலவை நாங்க பாத்துக்கறோம். அடுத்த மாசம் தேனிப் பக்கம் ஒரு வேலை இருக்கு. இதே மாதிரிதான், பேரு மட்டும் வேற. நீங்க கருங்கோட்டையில பண்ணதைத்தான் எல்லா மீட்டிங்லயும் உதாரணமா சொல்றேன், அந்தக் கடைசிப் பகுதிய விட்டுட்டு. சரியா? ஒண்ணும் சொல்லலன்னா சரின்னு எடுத்துக்கறேன்."

வடிவு போனைக் கையில் எடுத்தாள். "மேடம், நான் அவுக வீட்டுக்காரி பேசுதேன். இவுக வாயக் கம்பி போட்டுக் கட்டியிருக்கு. நீங்க வேற வாய் பாத்துக்கிடுங்க." வைத்துவிட்டாள்.

பிறகு தலையைச் சீவிக்கொண்டாள். என் தலையணையைச் சரிசெய்தாள். இத்தனை நாள் கழித்து முதன்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"அந்த சப் இன்ஸ்பெக்டர் கீழதான் டீ குடிச்சிக்கிட்டு நிக்காரு. நான் போயி அவருகிட்டச் சொல்லப் போறேன். அன்னைக்கு அந்த மனுசன் வந்து என்ன சொன்னாரு, நீங்க என்ன சொன்னிய, சந்தைக்கு எப்படி வருவாருன்னு சங்கிலி கேட்டதுக்கு நீங்க என்ன சொன்னிய, எல்லாத்தையும். அவரு எழுதிக்கிடலேன்னா பெரிய ஆபீசருகிட்டப் போவேன். கொம்பையா அண்ணன் பண்ணது கொலதான். அவரு உள்ள இருக்கட்டும். ஆனா ஒத்தையா இருக்கக் கூடாது."

மணிபர்ஸை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள். நான் அவள் முந்தானையைப் பிடிக்கப் பார்த்தேன், எட்டவில்லை. கூப்பிட்டேன். கம்பிகளுக்கு நடுவே முனகலும் எச்சிலும்தான் வந்தன. அவள் செருப்புச் சத்தம் வராந்தாவைக் கடந்து மாடிப்படியில் இறங்கியது. பக்கத்துப் படுக்கையில் இருந்த பெரியவர் எழுந்து உட்கார்ந்தார். எனக்குத் தண்ணீர் தாகம் என்று நினைத்துக்கொண்டு நர்ஸைக் கூப்பிட்டார்.